பாலிமர் நுண்பம்புகள்: வடிவமைப்பும் உருவாக்கமும்

ஓர் ஆய்வுக்கூடத்தின் வேலை முழுவதையும் அஞ்சல்தலை அளவுள்ள ஒரு சில்லில் அடக்கலாம் என்பது நுண்பாய்மவியல் நமக்குத் தந்த வாக்கு. 1990இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சிபா-கைகி நிறுவனத்தில் பணியாற்றிய ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். அதன்பின் கலத்தல், சூடாக்கல், பிரித்தல், அளத்தல் ஆகிய எல்லாமே சில்லுக்குள் வந்து சேர்ந்தன. திரவத்தை நகர்த்தும் பம்பு மட்டும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டது. இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் சில்லு விரல்நுனியில் அடங்குகிறது. அதற்குத் திரவம் ஊட்டும் சிரிஞ்சு பம்பும் காற்றழுத்தக் கருவியும் குழாய்களும் மேசையை நிறைத்திருக்கின்றன. கிராமத்து மருத்துவமனைக்கோ நோயாளியின் வீட்டுக்கோ இந்த ஏற்பாட்டைத் தூக்கிச் செல்ல முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பாலிமரில் சிறு பம்புகளை உருவாக்கும் முயற்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த முயற்சிகளை இயற்பியல், பொருள், இயக்கி, வால்வு, உற்பத்தி, சோதனை என்ற வரிசையில் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. இத்துறையின் நூற்றுக்கணக்கான வடிவங்களைப் பார்க்கையில் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தெரிகிறது: பம்பை எப்படி வடிவமைப்பது என்ற கேள்வியையும் எதில், எப்படிச் செய்வது என்ற கேள்வியையும் பிரித்துப் பார்த்தவர்களின் பம்புகள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

சிறு வாய்க்காலில் நீர்

நுண்வாய்க்கால் என்பது அகலமும் உயரமும் சில பத்து மைக்ரோமீட்டர் முதல் சில நூறு மைக்ரோமீட்டர் வரை உள்ள பாதை. 100 மைக்ரோமீட்டர் வாய்க்காலில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் நீர் ஓடினால் அதன் ரெனால்ட்ஸ் எண், அதாவது நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதம், 0.1 தான். அங்கே சுழலும் கொந்தளிப்பும் இல்லை. ஓட்டம் முற்றிலும் வரிச்சீரானது. நிலைமம் செல்லாக்காசாகி, பாகுநிலையும் பரப்பு இழுவிசையும் ஆட்சி செய்கின்றன.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். 1 சென்டிமீட்டர் நீளமும் 100 மைக்ரோமீட்டர் பக்கமும் உள்ள சதுர வாய்க்காலில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் நீரைச் செலுத்த ஏறத்தாழ 470 பாஸ்கல் அழுத்தம் போதும். அது 5 சென்டிமீட்டர் உயர நீர்மட்டத்துக்குச் சமம். பக்கத்தை 50 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் தேவை 16 மடங்காகி 7,500 பாஸ்கலைத் தொடும். 20 மைக்ரோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 3 வளிமண்டல அழுத்தம் வேண்டும். வாய்க்காலை வரைபவர் எடுக்கும் சிறு முடிவு பம்பின் தலையில் பெருஞ்சுமையாக இறங்குகிறது. ஆகவே, பம்பின் வடிவமைப்பு அது ஊட்டப்போகும் வாய்க்காலின் எதிரழுத்தத்தைக் கணக்கிடுவதில் தொடங்க வேண்டும்.

எவ்வளவு திரவம் என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பொதுவான விடை கிடையாது. மில்லிலிட்டருக்கு நூறு அலகு செறிவுள்ள இன்சுலினில் ஓர் அலகு என்பது 10 மைக்ரோலிட்டர், 0.05 அலகு கொடுக்க வேண்டுமென்றால் அரை மைக்ரோலிட்டரைப் பிழையில்லாமல் தள்ள வேண்டும். சில்லில் வளரும் செல்களுக்கு ஊட்டநீர் பாய்ச்சும் பம்போ நாட்கணக்கில், செல்கள் பிய்ந்துபோகாத மெதுவான சீரான ஓட்டத்தைத் தர வேண்டும். ஒரே முறை பயன்படும் நோயறிதல் அட்டைக்குச் சில நிமிட ஓட்டம் போதும். ஆனால் விலை மிகக் குறைவாக இருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் ஒரே பம்பைத் தேடுவது வீண்.

சிலிக்கானிலிருந்து பாலிமருக்கு

முதல் நுண்பம்புகள் சிலிக்கானிலும் கண்ணாடியிலும் பிறந்தன. நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் லிண்டெல் குழு 1988இல், மின்னழுத்தம் தந்தால் வளையும் பீசோ மின்தகடு கொண்டு இயங்கும் சிலிக்கான் பம்பை வெளியிட்டது. மூன்று வால்வுகள் வரிசையாகத் திறந்து மூடும் பம்பை யான் ஸ்மிட்ஸ் 1990இல் விவரித்தார். மின்னணுச் சில்லு செய்யும் தொழில்நுட்பம் கையில் இருந்ததால் சிலிக்கான் இயல்பான தேர்வாக இருந்தது. அதன் துல்லியத்துக்கு இன்றும் மதிப்புண்டு. சுவிட்சர்லாந்தின் டெபயோடெக் நிறுவனம் இன்சுலினுக்காக உருவாக்கிய நுண்பம்பு சிலிக்கான் சார்ந்ததே.

ஆனால் சிலிக்கானுக்கு இரண்டு குறைகள் உண்டு. பம்பு இயங்கச் சதுர மில்லிமீட்டர்கள் பல தேவை. தூசியற்ற அறையில் பதப்படுத்தப்படும் சிலிக்கானில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் காசு. இரண்டாவது குறை விறைப்பு. சிலிக்கானின் யங் குணகம் 130 கிகாபாஸ்கலுக்கு மேல். மெல்லிய சவ்வாகச் செதுக்கினாலும் அது சில மைக்ரோமீட்டர்தான் வளையும். பாலிமர்களின் யங் குணகமோ சில கிகாபாஸ்கல் முதல் சில மெகாபாஸ்கல் வரை பரந்து கிடக்கிறது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ ஆய்வு மையம் 1990களிலேயே பாலிமர் உடலும் பாலிஇமைடு சவ்வும் கொண்ட பம்புகளைச் செய்துகாட்டியது. இத்துறையைப் பரவலாக்கியது சிலிக்கோன் ரப்பர் வகையான பிடிஎம்எஸ். ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 1998இல் பிடிஎம்எஸ்ஸை அச்சில் ஊற்றி விரைவாக நுண்வாய்க்கால்கள் செய்யும் முறையை விவரித்தது. 2000ஆம் ஆண்டில் கால்டெக்கில் ஸ்டீபன் குவேக் குழு, இரண்டு அடுக்குப் பிடிஎம்எஸ்ஸில் வால்வுகளையும் பம்பையும் செய்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. கீழடுக்கில் திரவம் ஓடும் வாய்க்கால், மேலடுக்கில் காற்றழுத்த வாய்க்கால், இரண்டும் குறுக்கிடும் இடத்தில் சுமார் 30 மைக்ரோமீட்டர் சவ்வு. காற்றழுத்தம் ஏறினால் சவ்வு கீழிறங்கி வாய்க்காலை அடைக்கும். இப்படி மூன்றை வரிசையாக இயக்கினால், உணவுக்குழாய் உணவைத் தள்ளுவதுபோலத் திரவம் முன்னே நகரும். அந்தப் பம்பு நொடிக்கு 2.35 நானோலிட்டர் தள்ளியது. அளவு சிறிதுதான். ஆனால் ஒரே சில்லில் நூற்றுக்கணக்கான வால்வுகளை அடுக்கும் வழி அதனால் திறந்தது.

எந்தப் பாலிமர்?

பிடிஎம்எஸ்ஸை ஆய்வாளர்கள் விரும்புவதற்குக் காரணங்கள் பல. பத்துப் பங்கு அடிப்பொருளுடன் ஒரு பங்கு கடினமாக்கியைக் கலந்து, காற்றுக்குமிழி போக்கி, அச்சில் ஊற்றி, 65 முதல் 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால் பொருள் தயார். அது ஒளி புகும் தன்மையது. 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்தைத் தாங்கும். யங் குணகம் ஒன்று முதல் மூன்று மெகாபாஸ்கல் என்பதால் சவ்வு தாராளமாக வளையும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் சற்று நேரம் காட்டினால் கண்ணாடியோடும் தன்னோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்.

குறைகளும் இதே தன்மைகளிலிருந்து பிறக்கின்றன. இடைவெளி நிறைந்த அதன் வலையமைப்பு வழியாக நீராவி வெளியேறும். நானோலிட்டர் அளவில் அந்த இழப்பே பெரும்பிழை. நீரை வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை அது உறிஞ்சிக்கொள்ளும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோப்கியும் பீபியும் 2006இல் இதை எச்சரிக்கையாகவே எழுதினார்கள். மருந்தின் செறிவை ஆராயும் சில்லில், கொடுத்த மருந்தின் ஒரு பகுதியைச் சுவரே விழுங்கினால் அளவீட்டை நம்ப முடியாது. பிளாஸ்மாவால் நீர் விரும்பியாக்கிய பரப்பு சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற்றி இறுகவைக்க மணிக்கணக்கில் ஆவதால் பெருந்தொகை உற்பத்திக்கு அது ஒத்துவராது.

மறுபக்கம் சூட்டில் இளகும் பிளாஸ்டிக்குகள் நிற்கின்றன. அக்ரிலிக் என்று கடைகளில் கிடைக்கும் பிஎம்எம்ஏ, பாலிகார்பனேட், வளைய ஓலிஃபின் பாலிமர்கள் ஆகியவை மலிவானவை, வடிவம் மாறாதவை. வளைய ஓலிஃபின் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஒளிர்வு அளவீட்டுக்கும் இடைஞ்சல் செய்யாது. ஆனால் இவை மூன்று கிகாபாஸ்கல் வரை விறைப்பானவை. பிடிஎம்எஸ்ஸைவிட ஆயிரம் மடங்கு விறைத்த தாளைச் சவ்வாக்குவது கடினம். விறைத்த பிளாஸ்டிக் உடல், மென்மையான ரப்பர் சவ்வு என்ற கலப்பு வடிவம் இதனால்தான் பலரை ஈர்க்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: பிஎம்எம்ஏவும் பிடிஎம்எஸ்ஸும் நேரடியாக ஒட்டாது. பரப்பைச் சிலேன் சேர்மத்தால் பதப்படுத்த வேண்டும், அல்லது திருகுகளால் இறுக்க வேண்டும்.

சவ்வை இயக்குவது எது?

பெரும்பாலான நுண்பம்புகள் ஒரு சவ்வை மேலும் கீழும் அசைத்தே வேலை செய்கின்றன. விளிம்பில் பிடிக்கப்பட்ட வட்டச் சவ்வின் வளைவு, ஆரத்தின் நான்காம் அடுக்கோடு பெருகும். தடிமனின் மூன்றாம் அடுக்கோடு குறையும். ஆரத்தை இரட்டித்தால் 16 மடங்கு வளைவு. தடிமனைப் பாதியாக்கினால் 8 மடங்கு. வளைவு தடிமனை நெருங்கும்போது சவ்வு இழுபட்டு விறைப்பதால் இக்கணக்கு பொருந்தாது. தொடக்கநிலை வடிவமைப்புக்கு இது போதும்.

பீசோ மின்தகடே இன்று முன்னணியில் நிற்கும் இயக்கி. ஒலி எழுப்பும் மின்னணுக் கருவிகளில் உள்ள அதே பித்தளைத் தகடு-பீங்கான் இணைதான் இது. விரைவாகத் துடிக்கும், வலுவாகத் தள்ளும், மிகக் குறைந்த மின்சாரமே உண்ணும். ஆனால் வளைவு சிறிது. நூறு வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும் தேவைப்படலாம். ஜெர்மனியின் டார்ட்மண்டில் உள்ள பார்ட்டெல்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பம்பு இவ்வகைக்கு நல்ல சான்று: இரண்டு பீசோ தகடுகள், சுமார் 2 கிராம் எடை, நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டர் நீர்.

மின்காந்த இயக்கியில் சவ்வுக்குள் பதித்த சிறு காந்தத்தைக் கம்பிச்சுருள் இழுத்துத் தள்ளும். லோசான் தொழில்நுட்பக் கழகத்தின் கிஸ் குழு 2005இல் பிஎம்எம்ஏ உடலும் காந்தம் பதித்த பிடிஎம்எஸ் சவ்வும் கொண்ட பம்பைக் காட்டியது. குறைந்த மின்னழுத்தமும் பெரிய வளைவும் இதன் பலம். சுருளின் சூடும் பருமனும் பலவீனம். அறைக்குள் அடைத்த காற்றைச் சூடாக்கி விரியவைக்கும் முறை செய்ய எளிது, ஆனால் மெதுவானது. வெப்பம் தாங்காத புரதங்களுக்கு ஆகாது. மின்புலத்தால் திரவத்தை நேரே இழுக்கும் மின்சவ்வூடு முறையில் அசையும் உறுப்பே இல்லை. ஆனால் அது கரைசலின் உப்பு அளவுக்கும் அமிலத்தன்மைக்கும் கட்டுப்பட்டது.

வெளிச்சக்தியே வேண்டாத முறைகளும் உண்டு. ஐபிஎம் சூரிக் ஆய்வகத்தில் 2002இல் யுங்கரும் டெலமார்ஷும் நுண்புழை ஈர்ப்பால் தானே ஓடும் அமைப்பைச் செய்தார்கள். ஜப்பானின் ஹொசகாவா குழு 2004இல், காற்று நீக்கிய பிடிஎம்எஸ் திரும்பக் காற்றை உறிஞ்சும்போது எழும் இழுவையையே பம்பாக்கியது. ஒருமுறை பயன்படும் சோதனைக்கு இவை போதுமென்றால், அசையும் பம்பைச் சேர்ப்பது வீண்செலவு.

திசை தருவது எது?

சவ்வு அசைந்தால் மட்டும் திரவம் ஒரு திசையில் போகாது. 1976இல் எட்வர்ட் பர்செல் விளக்கியபடி, நிலைமம் இல்லாத உலகில் முன்னும் பின்னும் ஒரே பாதையில் செய்யும் அசைவு நிகர நகர்வைத் தராது. திசையைப் பம்பின் வடிவத்தில் எங்கேனும் வைத்தாக வேண்டும்.

ஒரு வழி, ஒருபுறம் மட்டும் திறக்கும் வால்வு: மடல், குண்டு, ரப்பர்த் துளை எனப் பல வகை. எதிரழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒரு தூசு சிக்கினாலும் கசியும். இரண்டாம் வழி அசையாத வால்வு. ஸ்வீடனில் எரிக் ஸ்டெம்மேயும் கோரன் ஸ்டெம்மேயும் 1993இல் ஒருபுறம் விரிந்து மறுபுறம் குறுகும் வாயைப் பயன்படுத்தினார்கள். நிக்கோலா டெஸ்லா 1920இல் காப்புரிமை பெற்ற வளைந்த பாதை வடிவத்தை 1995இல் ஃபார்ஸ்டர் குழு நுண்பம்புக்குக் கொண்டுவந்தது. அசையும் உறுப்பு இல்லாததால் செல்களும் துகள்களும் அடைக்காமல் கடக்கும். ஒரே வார்ப்பில் செய்துவிடலாம். ஆனால் இவ்வடிவங்கள் நம்பியிருப்பது நிலைமத்தை. ஓட்டம் மெதுவானால் திசைத்திறன் கரைந்துபோகும். பம்பு நின்றால் திரவம் பின்னோக்கி ஓடும். நானோலிட்டர் வேலைக்கு இவ்வகையைத் தேர்வது அடிப்படைப் பிழை.

மூன்றாம் வழி குவேக் குழு கையாண்ட வரிசை இயக்கம். மூன்று சவ்வுகள் மாறி மாறித் திறந்து மூடும் வரிசையைத் திருப்பினால் ஓட்டமும் திரும்பும். காலவரிசையே திசையைத் தருவதால் எவ்வளவு மெதுவாக இயக்கினாலும் பலிக்கும். குறைந்த ரெனால்ட்ஸ் எண்ணுக்கு இயற்பியல்படி மிகப் பொருத்தமானது இதுவே.

அறையும் குமிழியும்

காகிதத்தில் நன்றாக இருக்கும் பம்பு செயலில் தோற்பதற்குப் பெரும்பாலும் காற்றுக்குமிழியே காரணம். 10 மில்லிமீட்டர் விட்டமும் 100 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 7.9 மைக்ரோலிட்டர். மேலே உள்ள தகடு நடுவில் 10 மைக்ரோமீட்டர் வளைந்தால் இடம்பெயரும் கொள்ளளவு 0.26 மைக்ரோலிட்டர், அறையின் சுமார் 3.3 விழுக்காடு. அறை முழுவதும் காற்று என்றால் ஒரு துடிப்பால் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 3,300 பாஸ்கல். 100 மைக்ரோமீட்டர் அகல வாய்க்காலில் சிக்கிய குமிழியைப் பரப்பு இழுவிசைக்கு எதிராக நகர்த்த 2,900 பாஸ்கல் வரை தேவைப்படலாம். வால்வைத் திறக்கவும் சிறிது அழுத்தம் வேண்டும். ஆகவே அந்தப் பம்பு தானாக நீரை இழுக்காது. நடுவில் ஒரு குமிழி புகுந்தாலே தடுமாறும்.

இதற்கு மருந்து அறையின் ஆழத்தைக் குறைப்பது. ஆழம் பாதியானால் இடம்பெயரும் பங்கும், அதனால் எழும் அழுத்தமும் இரட்டிக்கும். ஆனால் 50 மைக்ரோமீட்டர் ஆழத்தை 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏற்ற இறக்கமின்றி வார்ப்பதும், ஒட்டும்போது கூரை தரையில் படியாமல் காப்பதும் கடினம். வடிவமைப்பாளர் கேட்கும் எண்ணுக்கு உற்பத்தி எல்லை போடும் இடம் இதுதான். கணினியில் ஆழத்தை எவ்வளவும் குறைக்கலாம். அச்சு தரும் அளவே உண்மையான அளவு.

வார்ப்பும் ஒட்டும்

சிலிக்கான் தகட்டின்மேல் எஸ்யூ-8 என்ற ஒளியுணர் பிசினால் மேடான உருவம் செய்து, அதன்மேல் பிடிஎம்எஸ் ஊற்றி உரிப்பதே ஆய்வுக்கூட முறை. சவ்வை இதே பிடிஎம்எஸ்ஸைச் சுழல்மேடையில் ஊற்றி, வேகத்தால் தடிமனைக் கட்டுப்படுத்திச் செய்கிறார்கள். குவேக் வகை வால்வுக்குத் திரவ வாய்க்காலின் மேற்புறம் வட்ட வளைவாக இருக்க வேண்டும். சதுர மூலையில் சவ்வு முழுதாகப் படியாமல் கசியும். பிடிஎம்எஸ் இறுகும்போது ஒன்றிரண்டு விழுக்காடு சுருங்கும் என்பதால், அடுக்குகளைப் பொருத்தும் வரைபடத்தில் அதை முன்கூட்டியே சேர்க்க வேண்டும்.

அக்ரிலிக் தாளைக் கார்பன்-டை-ஆக்சைடு லேசரால் வெட்டுவது மலிவான மாற்று. வாய்க்காலின் குறுக்குவெட்டு சரிவாக அமையும். ஓரங்களில் உருகிய பொருள் மேடாகத் தங்கும். உள்ளே தகைவு தேங்குவதால் ஆல்கஹால் பட்டதும் விரிசல் விடும். வெட்டியபின் 80 டிகிரி அளவில் மெல்லச் சூடாக்கித் தகைவைத் தணிக்காமல் ஒட்டக் கூடாது. பெருந்தொகைக்கு, சூடான உலோக அச்சால் அழுத்திப் பதித்தலும், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கும் உள்ளன. அச்சு செய்ய முதலீடு பெரிது. அதன்பின் ஒரு துண்டுக்குச் சில நொடிகள் போதும்.

வார்ப்பைவிடக் கடினமானது ஒட்டு. பிஎம்எம்ஏ சுமார் 105 டிகிரியில் இளகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழே அழுத்தி ஒட்டினால் வாய்க்கால் தப்பும், சற்று மேலே போனால் வாய்க்கால் மூடிக்கொள்ளும். கரைப்பான் தடவி ஒட்டினால் அது வாய்க்காலுக்குள் வழிந்து அடைக்கும். அழுத்தம் ஏறியதும் பிளந்துகொள்வது பெரும்பாலும் இந்த ஒட்டுத்தான். முப்பரிமாண அச்சு இத்தொல்லையிலிருந்து விடுதலை தரக்கூடும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கிரெகரி நோர்டின் குழு 2016இல் சவ்வு, வால்வு, பம்பு அனைத்தையும் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக அச்சிட்டது. ஆனால் பிசினின் உயிர் இணக்கமும் சவ்வின் ஆயுளும் மேம்பட வேண்டும்.

எதை அளக்க வேண்டும்?

ஒரு பம்பின் தரத்தைச் சொல்ல ஒற்றை எண் போதாது. எதிரழுத்தம் இல்லாதபோது கிடைக்கும் உச்சப் பாய்வு வீதமும், பாய்வு நின்றுபோகும் எதிரழுத்தமும் சேர்ந்தே அதன் திறனைக் காட்டும். உண்மையான வேலைப்புள்ளி இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும். பல கட்டுரைகள் முதல் எண்ணை மட்டும் பெருமையாகச் சொல்கின்றன. அதனுடன் குமிழி தாங்கும் திறன், நின்றபின் கசிவு, வெப்பநிலையால் வரும் மாற்றம், இலட்சக்கணக்கான துடிப்புகளுக்குப் பிறகும் நிலைக்கும் ஓட்டம் ஆகியவற்றையும் தந்தால்தான் ஒப்பிட முடியும். தராசில் நிறுத்துப் பாய்வை அளப்பவர்கள் ஆவியாதலைக் கழிக்க மறக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே அச்சில் வந்த பல பம்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. ஒரேயொரு நல்ல பம்பைக் காட்டுவது திறமைக்குச் சான்று. வடிவமைப்புக்குச் சான்று ஆகாது.

எந்த வழி வெல்லும்?

இதுவரை வெற்றி கண்டவற்றைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: திரவம் தொடும் பகுதி மலிவான பாலிமர், அதை அழுத்தும் இயக்கி திரும்பத் திரும்பப் பயன்படும் கருவிக்குள். படுக்கையருகே இரத்தம் சோதிக்கும் ஐ-ஸ்டாட் கருவியில், பிளாஸ்டிக் அட்டையிலுள்ள காற்றுப்பையைக் கருவியே அழுத்தி இரத்தத்தை உணரிகளுக்கு நகர்த்துகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷுய்ச்சி தக்கயாமா குழு 2004இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரையின் எழுந்திறங்கும் ஊசிகளைக் கொண்டே பிடிஎம்எஸ் வாய்க்கால்களை அழுத்திப் பம்பு செய்தது. விலையுயர்ந்த உறுப்பை வீசி எறிய வேண்டாம். தொற்றுள்ள உறுப்பை மறுபடி பயன்படுத்த வேண்டாம். நோயறிதலுக்கு இந்தப் பிரிவினையே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. உடலில் அணியும் மருந்துப் பம்புக்கு, வால்வு உள்ள பீசோ வகை. செல் வளர்ப்புக்கு, மருந்தை உறிஞ்சாத பாலிமரில் வரிசை இயக்கம்.

அக்ரிலிக் தாள், லேசர் வெட்டி, பீசோ தகடு, ஒரு நுண்தராசு ஆகியவை நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றுக்கு எட்டாதவை அல்ல. இத்துறையில் இறங்கும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: முதலில் உங்கள் வாய்க்காலின் எதிரழுத்தத்தைக் கணக்கிடுங்கள். அடுத்து, எந்த முறையில் ஆயிரம் துண்டுகள் செய்ய முடியும் என்று முடிவு செய்யுங்கள். அதன்பிறகே பம்பை வரையுங்கள். செய்து முடித்தபின் சிறந்த பம்பின் அளவீட்டோடு நிறுத்தாமல், தோற்ற பம்புகளின் கணக்கையும் வெளியிடுங்கள். அடுத்து வருபவருக்கு அதுவே பெரிய உதவி.